இருங்கம்மாவும் கீழே அடித்த டீசலும்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. மேட்டுத் தெருவில் எவரைக் கேட்டாலும் இருங்கம்மா என்றுதான் சொல்வார்கள். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். குளிர்காலக் காலையில் சரக்கை ஏற்றிவிட்டு, "என்னம்மா, இன்னும் எடுக்கலயா?" என்று யார் அவசரப்படுத்தினாலும், ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "இருங்க" என்பாள். என்ஜின் சூடாகாமல் கியரைத் தொடமாட்டாள். சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா ஒருநாள் கோபத்தில் வைத்த பெயர் அது. கோபம் அன்றைக்கே போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆள் குள்ளம். சீட்டில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். பத்தொன்பது வருஷம் வீட்டுக்காரர் லாரி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கிளீனர் வேலை பார்த்தவள். பிறகு அவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. கிளட்சை மிதித்தால் கண்ணில் நீர் வந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "நான் ஓட்டுறேன்" என்றாள்.

கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி, இது தையல் மிஷின் இல்ல."

"தெரியும் தம்பி. தையல் மிஷின் எனக்கு ஓட்டத் தெரியாது."

உரிமம் கொடுக்கும் அதிகாரி செங்குத்தான மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வழுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஆகி ஆறு வருஷம்.

அந்த ஊர்க் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. வெளியே மறந்து வைத்த வாளித் தண்ணீர் காலையில் வாளியையே பிளந்து வைத்திருக்கும். அவளுடைய லாரியோ கிழட்டு லாரி. அதனால் தினமும் சாயங்காலம் ரேடியேட்டர் குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுவாள். பேட்டரி இரண்டையும் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து, அடுப்பருகில் கோணிமேல் வைப்பாள். என்ஜினுக்குக் கனத்த போர்வை போர்த்துவாள். காலையில் எழுந்ததும் ஒரு தகரத் தட்டில் கரி நெருப்பு மூட்டி, என்ஜின் ஆயில் தொட்டிக்குக் கீழே அரை மணி நேரம் வைப்பாள். பேட்டரியை மாட்டுவாள். வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் ஊற்றி, அது பழகியபின் சுடுதண்ணீர் ஊற்றுவாள். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுவிடும். அதற்குப் பிறகு என்ஜினை உள்ளே சூடாக்கும் ஹீட்டர் சுவிட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு அணையும்வரை கண்ணை மூடி, "கடவுளே, எங்களுக்கு முன்னால நீ போ" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புவாள்.

"இந்த வீட்ல பேட்டரிக்கு அடுப்போரம் படுக்கை, எனக்குச் சுவரோரம்" என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார்.

"பேட்டரி குறட்டை விடாதுங்க" என்பாள்.

பதினொரு மாதம் காத்திருந்தபின் மலையடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குத் தேதி வந்தது. இடுப்பு ஆபரேஷன். குறித்த நாளில் காலை பத்து மணிக்குள் வந்து படுக்கையில் சேர வேண்டும். வராவிட்டால் பெயர் பட்டியலின் வாலுக்குப் போய்விடும். போன தடவை பார்த்த டாக்டர், இன்னொரு குளிர்காலம் இப்படியே விட்டால் அப்புறம் நடக்கவைக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்தத் தேதிக் காகிதம் அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது.

அதற்கு முந்தின வாரம் அவளுடைய தம்பி வீடு மாற்றினான். அவன் மலைக்குக் கீழே குடியிருப்பவன். சாமான் ஏற்ற லாரியைக் கேட்டான், கொடுத்தாள். "தேதிக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும்" என்றாள். சொன்ன சொல் தவறாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அந்த நேரம் அவள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிருந்தாள். அவன் சாவியை அவள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டான். அவள் திரும்பி வந்து, வழக்கம்போலத் தண்ணீரை வடித்தாள். பேட்டரியைக் கழற்றுமுன் டீசல் முள்ளைப் பார்த்தாள். டேங்க் நிறைந்து முள் உச்சியில் நின்றது. தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து, அங்கேயே நின்று ஒரு வார்த்தை நன்றியும் சொல்லிக்கொண்டாள், மேலே இருப்பவனுக்கு.

வேறு யார் வண்டியை வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "டீசல் எங்க அடிச்சீங்க?" என்பதுதான். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

ராத்திரி பனி கொட்டியது. காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது பஸ் இல்லை என்று ரேடியோ சொன்னது. அவள் அசரவில்லை. சங்கிலி கட்டிய டயர் இருக்கிறது, ரோட்டைச் சுத்தம் செய்யும் பனி வண்டி ஏழு மணிக்கு இறங்கும். அதன் பின்னாலேயே போய்விட்டால் ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசல். கரித் தட்டை வைத்தாள். பேட்டரியை மாட்டினாள். வெதுவெதுப்புத் தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர். கண்ணை மூடிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சாவியைத் திருப்பினாள்.

என்ஜின் இரண்டு தரம் இருமி, பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தெருவை மறைத்தது. அவள் மூச்சு விட்டாள். சரியாக ஒரு நிமிஷம். பிறகு சத்தம் மெலிந்தது, தள்ளாடியது, நின்றது.

மறுபடி திருப்பினாள். சுற்றியது, பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் திருப்பவில்லை. பேட்டரியை வீணாக்குவது அவள் வழக்கமில்லை. இறங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டீசல் பில்டரைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே டீசல் இல்லை. உருகிய மெழுகுவர்த்தி மறுபடி உறைந்ததுபோல, வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தால் விரலில் ஒட்டியது.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. மேலே இருக்கும் பெட்ரோல் பங்கில் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்பார்கள், அது உறையாது. கீழே வெயில் பக்கத்துப் பங்கில் விற்பது வேறு. அதை அடித்துக்கொண்டு மேலே வந்து ஒரு ராத்திரி நிறுத்தினால், டேங்கில் இருப்பதெல்லாம் கூழாகிவிடும். கரித் தட்டு வைத்ததில் என்ஜினும் ஆயிலும் சூடாயின. டேங்கும் குழாயும் வெளியேதானே கிடந்தன.

கையைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு போன் போட்டாள்.

"எங்கடா அடிச்ச?"

தூக்கக் கலக்கத்தில் அவன் பெருமையாகச் சொன்னான். "எங்க வீட்டுப் பக்கத்துப் பங்க்லதான் அக்கா. ஃபுல் டேங்க். நீங்க இவ்ளோ உதவி பண்ணிருக்கீங்க, அதுகூடச் செய்யலன்னா எப்படி?"

"மலைக்குக் கீழ அடிச்சத மேல கொண்டாந்து நிறுத்தலாமாடா?"

"ஐயோ, அக்கா. எனக்குத் தெரியாதே. மாமாகிட்ட சொன்னேனே, கீழயே அடிச்சுட்டேன்னு. அவரு பரவால்ல, போன்னு சொன்னாரே."

"யாரு, மாமாவா?"

"ஆமா. சாவி குடுக்கும்போது சொன்னேன்."

போனை வைத்தாள். இருபது வருஷத்துக்குக் கிட்ட லாரி ஓட்டியவர் அவர். கீழே அடித்த டீசல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? நேற்றே சொல்லியிருந்தால், டேங்கிலிருந்து வடித்துவிட்டு மேல் பங்கில் அடித்திருப்பாள். ஒரு மணி நேர வேலை.

உள்ளே போனாள். அவர் ஆஸ்பத்திரிப் பை பக்கத்தில், சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, தலைவாரி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பிள்ளையின் களை.

"கிளம்பலயா?" என்றார். "விடு. நம்ம கையில என்ன இருக்கு. அடுத்த தேதி வாங்கிக்கலாம்."

அவள் எதிரே நின்று பார்த்தாள். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது.

"தம்பிகிட்ட பேசினேன்" என்றாள்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். "மயக்க ஊசி போடுவாங்களாம்ல. நம்ம சரக்குக் கொட்டகை வாட்ச்மேன் அப்படித்தான் போனான். எழுந்திருக்கவே இல்ல."

"அவருக்கு எழுபத்தெட்டு வயசுங்க."

"எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கனிந்தது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை, மலைச் சரிவில் பிரேக் போன நாளில்கூட. ஆனால் கனிந்த நெஞ்சோடு உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை. கடிகாரம் ஆறு பத்து காட்டியது.

"பயந்தா பயந்துக்கிட்டே வாங்க" என்றாள். "வண்டி கிளம்பும்."

"எப்படிக் கிளம்பும்? இருநூறு லிட்டரும் உறைஞ்சு கெடக்கு. டேங்க் அடியில தீ வைக்கப் போறியா?"

அவள் கண் அடுப்பிலேயே நின்றது. வீட்டைச் சூடாக்கும் அந்த இரும்பு அடுப்பு டீசலில்தான் எரியும். அதற்கான கேன் மூலையில் இருந்தது. மேல் பங்கில் வாங்கிய குளிர்கால டீசல், இருபது லிட்டர் கேனில் முக்கால்வாசி. ராத்திரி முழுக்க அடுப்பருகில் இருந்ததால் கேன் பூனைக்குட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

இருநூறு லிட்டரை எதற்கு இளக்க வேண்டும்? கீழே இறங்க இவ்வளவு போதுமே.

அடுப்பை அணைத்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கருவிப் பெட்டியில் இரண்டு ரப்பர் குழாய் சுருட்டிக் கிடந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயை என்ஜின் பக்கம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டினாள். என்ஜின் எரித்தது போக மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாயையும் கழற்றி, அங்கே இன்னொன்றை மாட்டினாள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் ரப்பர் கிழிந்த ஓட்டை ஒன்று உண்டு. குளிர்காற்று வருகிறது என்று ஆறு வருஷமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள். இன்றைக்கு அதன் வழியாகவே இரண்டு குழாயையும் கேபினுக்குள் இழுத்தாள். ஸ்பேனர் பிடித்த விரல்கள் மரத்துப்போனபோது கரித் தட்டின்மேல் காட்டிக்கொண்டாள். புதுப் பில்டரில் வெதுவெதுப்பு டீசலை ஊற்றி மாட்டினாள். இனி உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். சின்னக் கைப் பம்ப்பைக் கட்டைவிரலால் அமுக்க ஆரம்பித்தாள். நூறு தரம். இருநூறு தரம். நுரைதான் வந்தது.

பனி வண்டி வந்து நின்றது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டினார். எதிர் வீட்டுக்காரர், வாய் சும்மா இருக்காது.

"என்ன இருங்கம்மா, இன்னிக்கு உங்க வண்டியே உங்களை இருங்கன்னு சொல்லுதா?"

"சொல்லட்டுங்க. எத்தனை நாள் நான் சொல்லிருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றது. அவருக்கும் இன்று என்ன நாள் என்று தெரியும். "நான் நிக்க முடியாதும்மா. கீழ ஆம்புலன்ஸுக்கு வழி எடுக்கணும். காத்து அடிக்குது பாருங்க. நான் போன முக்கால் மணியில தடம் மூடிரும்."

"நீங்க போங்கண்ணே. மூடுறதுக்குள்ள வந்துருவேன்."

அவர் போனார். அவள் அமுக்கினாள். கட்டைவிரல் மரத்ததும் மற்றக் கட்டைவிரல். உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அது வேண்டுதலா எண்ணிக்கையா என்று அவளுக்கே தெரியாது. முந்நூற்றுக்குப் பக்கத்தில் நுரை நின்று, டீசல் சுத்தமாக வழிந்தது. திருகை இறுக்கிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

"எழுந்திருங்க."

அவர் எழுந்தார். எழுப்பியதே அவள்தான். ஒரு தோளில் அவர், ஒரு தோளில் பை. கேபினுக்குள் அவரை ஏற்ற அவள் கீழேயிருந்து தள்ளினாள், அவர் மேலே கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "மூட்டை ஏத்துற மாதிரி ஏத்துற" என்றார். "மூட்டை பேசாதுங்க" என்றாள். உட்கார்ந்ததும் கேனைப் போர்வையில் சுற்றி அவர் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் செருகி, இரண்டு குழாயையும் அதன் வாயில் விட்டுத் துணியால் அடைத்தாள்.

"இதப் பிடிங்க. சாயக்கூடாது, குழாய் வெளிய வரக்கூடாது. நீங்கதான் இன்னிக்கு டேங்க்."

அவர் கேனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "பீடி?"

"டேங்க் பீடி குடிக்காது."

ஏறி உட்கார்ந்து தலையணையைச் சரிசெய்தாள். ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. கண்ணை மூடிச் சொன்னாள். இந்தத் தரம் பக்கத்திலிருந்தும் மெதுவாக அதே வார்த்தைகள் கேட்டன. சாவியைத் திருப்பினாள்.

சுற்றியது. சுற்றியது. ஒரு தரம் இருமியது. அவள் சாவியை விடவில்லை. பிடித்தது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். சத்தம் மெலியவில்லை. திரும்பி வரும் குழாயிலிருந்து கேனுக்குள் டீசல் சொளசொளவென்று விழும் ஓசை கேட்டது. என்ஜின் சூட்டில் போய் வந்த டீசல் அது. கேன் இன்னும் சூடேறியது.

அவள் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூட்டு முள் கீழேயே கிடந்தது. பிரேக்குக்கான காற்று முள் இப்போதுதான் அசைந்தது.

வெளியே காற்று பனியை வாரி ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பனி வண்டி போட்ட தடத்தின் ஓரம் மழுங்கத் தொடங்கியது. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எடேன்" என்றார். "தடம் மூடுது பாரு. இப்ப எடுத்தாத்தான் பத்து மணிக்குப் போக முடியும். எடு."

"இருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவரும் திரும்பினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோய், கேனை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக அணைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது நிமிஷம் இரண்டு முள்ளும் தலைதூக்கின. அவள் கியரைப் போட்டாள். கிழட்டு லாரி முனகாமல் நகர்ந்தது.

முதல் நாலு வளைவில் தடம் சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் இருந்ததாக அவள் நம்பினாள். சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு இறங்கியது. ஐந்தாவது வளைவில் பாறைக்கு இந்தப்புறம் பனி குவிந்து வழியை முழுக்க மறைத்திருந்தது. நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவள் நிறுத்தவில்லை. கியரைக் குறைத்து, ஒரே சீராக, குவியலின் நடுவில் விட்டாள். பானெட் வரை வெள்ளை எழும்பியது. வண்டி குலுங்கிய குலுக்கலில் அவர் இடுப்பு எந்தப் பாடுபட்டதோ, அவர் கத்தவில்லை. "கேன் சாயல" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனபின், "இடுப்புக்கு இது இதமா இருக்கு" என்றார். சூடான கேன் வலிக்கிற பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது.

"உங்களுக்குத்தான் எல்லாம் கிடைக்குது" என்றாள்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கோவமா?"

"இருக்கு. ஆபரேஷன் முடியட்டும், காட்டுறேன். அதுக்காகவாவது எழுந்திருச்சு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. கேனில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. சேர்க்கை மேஜையில் இருந்த நர்ஸ் அவர் பெயரைப் பட்டியலில் டிக் செய்துவிட்டு, மூக்கைச் சுளித்தாள்.

"யாரும்மா இவரை டீசல்ல குளிப்பாட்டினது?"

"நான்தான்மா" என்றாள்.

"ரெண்டு தரம் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். ஆபரேஷனுக்கு இப்படியா கூட்டிட்டு வருவாங்க."

"இப்படித்தாம்மா கூட்டிட்டு வர முடிஞ்சது."

சக்கர நாற்காலி நகரும்போது அவர் அவள் கையை விடவில்லை. விரல் எல்லாம் கறுப்பு, கட்டைவிரல் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் அதைப் பார்த்தார். பிறகு தானாகவே விட்டார். கதவு மூடியது.

அவள் வாசலுக்கு வந்தாள். கீழே வெயில் சுள்ளென்று இருந்தது. மதியத்துக்குள் டேங்கில் இருந்ததெல்லாம் இளகித் தண்ணீர்போல ஆகிவிட்டது. பழைய குழாய்களைத் திரும்ப மாட்டிவிட்டு, லாரியின் நிழலில் ஜெபப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். மறுநாள் ஆபரேஷன். அன்று முழுக்கவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு அதே நர்ஸ் வந்து, "எழுந்துட்டாரு. எழுந்ததும் பேட்டரிய உள்ள கொண்டு வந்தாச்சான்னு கேக்குறாரு, என்ன பேட்டரிம்மா?" என்றாள். இருங்கம்மா அப்போதுதான் அழுதாள்.

பதினோராம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு, தள்ளச் சொல்லாமல், கம்பியைப் பிடித்து லாரிப் படி ஏற மட்டும் அவள் தோளைக் கேட்டார். மலை ஏறத் தொடங்குமிடத்தில், தம்பி வீட்டுக்குப் பக்கத்துப் பங்க் வந்தது. அந்த நாட்களில் கீழேயே சரக்கு ஏற்றி ஓட்டியதில் டீசல் முள் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. அவள் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தாள்.

"இங்க வேணாம்" என்றார் அவர். "மேல போய் அடிச்சுக்கலாம்."